திரையில் வரும் தாயகம்

அரபு மொழியில் ‘ஃகரீப்’ என்பது அந்நியனைக் குறிக்கும். உருதுவில் அதே சொல் ஏழையைக் குறிக்கும். வளைகுடா சென்ற நம் பிள்ளைகளுக்கு இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்திய காலமுண்டு. கடிதத்துக்கும் ஒலிநாடாவுக்கும் அவர்கள் காத்துக் கிடந்தனர். இன்றோ பிராட்பேண்ட் இணையத்தின் வழியே தமிழகத் தொலைக்காட்சி அவர்தம் அறைக்கே வந்துவிடுகிறது. 1975 ஆகஸ்டு 15-இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபோது நகரையும் சுற்றுப்புறத்தையுமே எட்டிய ஒளிபரப்பு, இப்போது கடலடியில் கிடக்கும் கண்ணாடி இழைகள் வழியே உலகை எட்டுகிறது.

இவ்வசதியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும், அதன் வழியே வருவது யாதென ஆராய்தல் கடமையாகும்.

ரமலானை எடுத்துக்கொள்வோம். ஸஹர் வேளைக்கென நம் தொலைக்காட்சிகள் சொற்பொழிவுகளை ஒளிபரப்புகின்றன. இங்கே அதிகாலை நான்கு மணியெனில் துபாயில் இரண்டரை, சிங்கப்பூரிலோ ஆறரை. முன்னவர் உறக்கத்தில் இருப்பார். பின்னவருக்கு ஸுப்ஹு நேரமே நுழைந்திருக்கும். பிறை விஷயத்தில் ‘மத்லா’ வேறுபாட்டை நுணுகி ஆராய்ந்த ஃபிக்ஹு மேதைகளின் வழிவந்த நம் பேச்சாளர்கள், தம் குரல் கடல் கடந்து செல்வதை அறிந்தும் வெளிநாட்டு நேயருக்கு ஒரு சொல்லும் ஒதுக்குவதில்லை.

இதனினும் பெரிய குறையொன்றுண்டு. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பிள்ளைகள் திரையில் தேடுவது தம் தெருவை. அத்தெருவோ விபத்து நேர்ந்தால்தான் திரைக்கு வருகிறது. 2017 ஜனவரி 28-இல் எண்ணூர்த் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது வந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகமெங்கும் எண்ணெய் படர்ந்தபோது வந்தது. அம்மாதம் 26-ஆம் நாள் நள்ளிரவில் அம்மோனியா கசிந்து மக்கள் வீடுகளை விட்டு ஓடியபோதும் வந்தது.

மறுநாள் காலை, நம்மிடம் ஓதிய மாணவரொருவர் ஷார்ஜாவிலிருந்து அழைத்தார். “ஹஜ்ரத், டி.வி.யில் எங்கள் தெருவைக் காட்டுகிறார்கள். உம்மா போனை எடுக்கவில்லை” என்றார். குரல் நடுங்கிற்று. நாம் விசாரித்துச் சென்றோம். தாயார் உறவினர் இல்லத்தில் நலமாயிருந்தார். பதற்றத்தில் போனை வீட்டிலேயே விட்டு வந்திருந்தார். அச்செய்தியைத் திரை சொல்லவில்லை, நாம்தான் சொன்னோம்.

காசிமேட்டின் விடியற்கால மீன் ஏலத்தையும், பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சும் பிற்பகலையும், மதரஸாப் பிள்ளைகளின் ஓதலையும் அமைதியான நாளொன்றில் காட்டினால் என்ன குறைந்துவிடும்? தொலைக்காட்சியார் சிந்திக்கட்டும். அதுவரை, ஊரிலுள்ளோரே, திரையை நம்பி இராமல் நீங்களே அவர்களை அழைத்துப் பேசுங்கள்.