எதிர்ப்பா, நிராகரிப்பா? எஸ்ஆர்/சிஆர் சுண்டெலி ஆய்வுகள்: ஒரு மறுமதிப்பீடு

1999இல் அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில், எஸ்180 என்னும் புற்று உயிரணுக்கள் வயிற்றறைக்குள் செலுத்தப்பட்ட ஓர் ஆண் சுண்டெலி இறக்கவில்லை. மீண்டும் மீண்டும் செலுத்திய பின்னரும் அது பிழைத்திருந்தது. அதன் வழித்தோன்றல்களிலும் இப்பண்பு காணப்பட்டமையை செங் சூயி குழுவினர் 2003இல் வெளியிட்டனர். இவ்வெலிகளே எஸ்ஆர்/சிஆர் எனப் பெயர் பெற்றன. முன்னது கட்டி தானே கரைதலையும் பின்னது முழு எதிர்ப்பையும் குறிக்கும்.

2006இல் வெளிவந்த ஆய்வுரையே இவற்றுள் வலிமை மிக்கது. இயற்கைக் கொல்லி அணுக்கள், நியூட்ரோஃபில்கள், மேக்ரோஃபேஜ்கள் ஆகிய மூவகை வெள்ளணுக்களும் தனித்தனியே புற்று உயிரணுக்களை அழித்தன என்பதை அது காட்டுகிறது. இவற்றுள் ஒருவகையையோ இருவகையையோ நீக்கினாலும் எதிர்ப்பு குன்றவில்லை. மண்ணீரல் அணுக்களையும் எலும்பு மச்சை அணுக்களையும் பெற்ற சாதாரண எலிகளும் பாதுகாப்படைந்தன.

எனினும் மையச் சான்று முழுவதும் வெளியிலிருந்து செலுத்தப்பட்ட உயிரணுக்களையே சார்ந்துள்ளது. எஸ்180, 1914இல் நியூயார்க்கில் வேறோர் எலியிடம் தோன்றிய கட்டியின் வழிவந்தது. தமிழில் 'எதிர்ப்பு', 'நிராகரிப்பு' என இருசொற்கள் உள்ளமை இங்குத் தற்செயலாகவே உதவுகிறது: புற்றை எதிர்த்தல் வேறு, அயல் திசுவை நிராகரித்தல் வேறு. சாதாரண எலிகள் எஸ்180ஆல் இறக்கின்றன. ஆகவே அயன்மை மட்டுமே காரணம் என்பதும் பொருந்தாது. வேறுபல உயிரணு வழிகளும் சோதிக்கப்பட்டன என்னும் மறுமொழியில் உண்மை உண்டு. ஆனால் அவையும் ஊசிவழி ஒரே நேரத்தில் திரளாகப் புகுந்தவையே. தன் திசுவில் ஓர் அணுவிலிருந்து மெல்ல வளர்ந்தவை அல்ல.

இவ்வேறுபாட்டைப் பிரித்தறியும் வழி முன்னரே வகுக்கப்பட்டிருந்தது. 1957இல் பிரென், மெயின் ஆகியோர், ஒரே தூயவழி எலிகளில் வேதிப்பொருளால் உண்டாக்கிய கட்டிக்கு எதிர்ப்புப் பெற்ற எலிகள், அக்கட்டி தோன்றிய எலியின் தோலொட்டை ஏற்றமையைக் காட்டினர். 2001இல் ஷங்கரன் குழுவினர், நிணவணுக்கள் அற்ற எலிகளின் சொந்தத் திசுவிலேயே வேதிப்பொருளால் கட்டிகள் மிகுவதைக் கண்டனர்.

வயது குறித்த தரவும் போதிய கவனம் பெறவில்லை. இளம் எலிகளில் கட்டி தோன்றவே இல்லை. மூத்தவற்றில் வயிற்றறையில் நீர் திரண்டு, பின்னர் விரைந்து வற்றியது. நிலைபெற்ற கட்டி கரைந்தமைக்கு நேர்ச்சான்று தருவோர் இம்மூத்த எலிகளே. ஒரே பெயருக்குள் இரு குழுக்களையும் அடக்கியது அவ்வேறுபாட்டை மங்கச் செய்துவிட்டது.