வெயிலில் கிடக்கும் பாட்டில்

புயல் கரையைக் கடந்த பின் பல நேரம் வெயில் சுள்ளென்று அடிக்கும். கரண்ட் இருக்காது, மோட்டார் ஓடாது. அப்போதுதான் காலி தண்ணீர் பாட்டிலுக்கு மவுசு. லேபிளைக் கிழித்து, தெளிந்த நீரை நிரப்பி, மொட்டை மாடியில் படுக்கவைத்து 6 மணி நேரம் நல்ல வெயில் காட்டினால், புற ஊதாக் கதிர் பெரும்பாலான கிருமிகளை ஒழித்துவிடும். மப்பும் மந்தாரமுமாக இருந்தால் 2 நாள். கலங்கல் நீரில் கதிர் இறங்காது; பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்துத் தெளியவைத்துக்கொள்வது நம் பழைய வழக்கம். உப்பும் ரசாயனமும் மட்டும் வெயிலுக்கு மசியாது.

பக்கத்திலேயே நோட்டுப் புத்தக அளவு சோலார் தகடு, போனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும். கொடித்துணியின் நிழல் பட்டாலே சுணங்குகிற பிராணி அது. என் ஓட்டு பாட்டிலுக்கே. கீறல் விழுந்து மங்கினால் வேறு மாற்றணும், அவ்வளவுதான்.