தீவகத்து அவையும் திரும்பும் வழியும்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை ஆடரங்கின் அளவைக் கோல்கொண்டு வரையறுக்கின்றது. அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல் என்பது அவ்வரையறை. தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கை நிறுத்தவேண்டும் என்பதும் ஆங்கே கூறப்படுகின்றது. காண்போர் கண்ணுக்கு இடையூறு நேரலாகாது என்பதே இவ்விதிகளின் உட்கருத்து. காண்போர் எவ்வழி வந்து எவ்வழி மீள்வர் என்பதை அக்காதை ஆராயவில்லை. புகார் நகரத்தவருக்கு அஃது ஒரு வினாவன்று. யாழ்ப்பாணத்துத் தீவகத்தவர்க்கோ அதுவே முதல் வினா.

யாழ் நகரில் இன்று கலை நிகழ்ச்சிகளுக்குக் குறைவில்லை. இந்திய அரசின் நன்கொடையால் எழுந்து 2023 ஆம் ஆண்டு மக்களிடம் கையளிக்கப்பட்டு, 2025 ஆம் ஆண்டு திருவள்ளுவர் பெயர் சூட்டப்பெற்ற பண்பாட்டு மையத்தில் ஏறத்தாழ 600 பேர் அமரக்கூடிய மண்டபம் உண்டு. நாடகம், நகைச்சுவை, இசை, ஓவியக் காட்சி ஆகியவற்றின் அறிவித்தல்கள் இடையறாது வெளிவருகின்றன. அவ்வறிவித்தல்களை ஒருமுறை ஊன்றிப் படித்தல் நன்று. நாள், நேரம், மண்டபம், கட்டணம் ஆகிய யாவும் அவற்றில் இருக்கும். மாலை ஆறு மணிக்குத் தொடங்கும் நாடகத்தைக் கண்டு எட்டரைக்கு வெளிவரும் நெடுந்தீவு மாணவன் ஒருவன் அன்றிரவு எங்கே தங்குவான் என்பது மட்டும் இராது. பண்ணைப் பாலம் கடந்து, வேலணை கடந்து, வாணர் பாலத்தின் வழியே புங்குடுதீவு சென்று, குறிகட்டுவான் துறையை அடைந்தாலும், அங்கிருந்து ஏறத்தாழ ஒருமணி நேரக் கடற்பயணம் எஞ்சி நிற்கின்றது. பயணிகள் படகோ மாலையோடு ஓய்ந்துவிடும். ஆகவே அவ்வறிவித்தல் அவனை அழைக்கவில்லை; அழைப்பதுபோலத் தோன்றுகின்றது, அவ்வளவே.

இந்நிலையை மனத்திற்கொண்டு பழைய கூத்தை நோக்குவோமாயின் ஓருண்மை புலனாகும். கூத்து இரவிலே தொடங்கி விடியலில் முடிவது. காத்தவராயன் சிந்துநடைக் கூத்தாயினும், ஊர்காவற்றுறைப் பகுதிக் கத்தோலிக்கக் கிராமங்களிலே அண்ணாவிமார் பழக்கிய தென்மோடி நாடகங்களாயினும் இரவு முழுவதையும் தமக்கென எடுத்துக்கொண்டன. கற்றோர் சிலர் இந்நீளத்தைக் கலைக்குற்றம் எனக் கருதினர். சொன்னதையே மீளப் பாடுதலும், ஒவ்வொரு பாத்திரமும் தன்னைத்தானே விரித்துரைத்தலும் சலிப்பூட்டும் என்றனர். கடலால் அயலூரினின்று பிரிந்து வாழும் மக்களுக்கு அந்நீளம் ஒரு வசதியாகவும் இருந்தமையை அவர் எண்ணவில்லை. அயல் தீவிலிருந்து வந்தவன் பாயை விரித்து அமர்வான், நடுவே கண்ணயர்வான், மத்தள ஒலி கேட்டு விழிப்பான், விடிந்தபின் தோணி ஏறுவான். கடலே கூத்தை நீட்டிற்று என்று யாம் கூறவில்லை. கடல் பிரிக்காத ஊர்களிலும் கூத்து இரவு முழுதும் ஆடப்படுகின்றது. நீண்ட கூத்து தொலைவிலிருந்து வருவோனையும் உள்ளடக்கிற்று என்பதே எம் கருத்து.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962 ஆம் ஆண்டு கர்ணன் போரையும், பின்னர் இராவணேசனையும் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அரங்கேற்றியபோது, இரவு முழுதும் ஆடும் கூத்தைச் சுருக்கி நகர மேடைக்கு ஏற்றவாறு அமைத்தார். 1956 ஆம் ஆண்டு சரச்சந்திரரின் ‘மனமே’ சிங்கள மரபுக்கு ஆற்றிய தொண்டை ஒத்தது அம்முயற்சி. அதனாற் கூத்து, கற்றோர் அவையில் மதிப்புப் பெற்றது. இளைஞர் அதனை ஆடத் தொடங்கினர். இந்நன்மையை மறுப்பார் இலர். ஆயினும் சுருக்கிய வடிவமே கூத்தின் செம்மையான வடிவம் எனப் பின்வந்தோர் கொண்டமை பொருந்தாது. மண்டபத்துக்காகச் செய்த ஏற்பாட்டைக் கலையின் இலக்கணமாக உயர்த்தியது பிழை.

இப்பிழையால் முதலில் நலிவது நகைச்சுவை. அரசனின் வரவைக் கூறும் கட்டியகாரனும், இசைநாடகத்துப் பபூனும் ஏட்டிலுள்ளதை மட்டும் பேசுவோரல்லர். ஊரில் நேற்று நடந்ததை இன்று மேடையிற் சொல்லி நகைக்கவைப்பது அவர்தம் உரிமை. பெரியவர் ஒருவரின் செருக்கை அவர் முன்வரிசையில் இருக்கும்போதே இடித்துரைக்கும் துணிவு அவர்க்கு உண்டு. அதற்கு வேண்டியன இரண்டு: தாராளமான நேரம், ஒருவரையொருவர் அறிந்த அவை. ஒன்றரை மணி நேரத்துள் கதையை முடிக்கவேண்டிய நெறியாளர் முதலில் வெட்டுவது இப்பகுதியையே. நகர மண்டபத்து அவையோ ஒருவரையொருவர் அறியாதது.

நகைச்சுவை குறுகிய வடிவில் வாழாது என்பது இதனாற் பெறப்படுவதன்று. கே. எஸ். பாலச்சந்திரன் ‘அண்ணை றைற்’ என்னும் தனிநடிப்பில் பேருந்து நடத்துநர் ஒருவரை நம் கண்முன் நிறுத்தினார். ஒருவரே நடித்தும் அவையோர் ஒரு வண்டி நிறைந்த மனிதரைக் கண்டனர். அதன் வெற்றி எங்குள்ளது? யாழ்ப்பாணத்துப் பேச்சையும் பயணத்தையும் அறிந்த அவையை அவர் அறிந்திருந்தார் என்பதிலேதான். அவையை அறியாத நகைச்சுவை வெறும் கூச்சல்.

தீவகத்தின் அவை 1990, 1991 ஆம் ஆண்டுகளிற் பெரிதும் சிதறியது. போரினால் ஊரூராக மக்கள் வெளியேறினர். பலர் பாரிசையும் தொறன்ரோவையும் வாழிடமாக்கினர். அல்லைப்பிட்டியிற் பிறந்த எழுத்தாளர் சோபாசக்தி தலைமைப் பாத்திரமேற்று நடித்த ‘தீபன்’ திரைப்படம் 2015 ஆம் ஆண்டு கான் விழாவின் உயர்விருதைப் பெற்றது. தீவகத்தவர் ஒருவரின் நடிப்பை உலகம் கண்டது. தீவகத்தில் எஞ்சியிருப்போரும் அத்தகைய நடிப்பைத் தம்மூரில் அமர்ந்து காண்பதற்கு உரியவரல்லரோ?

இரவு முழுதும் விழித்திருக்க இன்று எவருக்கு நேரமுண்டு என்று வினவுவோர் உளர். அவ்வினா நியாயமானதே. பழமையை அப்படியே மீட்கவேண்டும் என்பது எம் கோரிக்கையன்று. நகருக்கு ஒருமுறை ஆடும் நாடகம் தீவகத்துக்கும் ஒருமுறை செல்லட்டும். நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆனித் திருவிழாக் காலத்தே மக்களும் படகுகளும் மிகுந்திருக்கும். அத்தகைய நாள்களைத் தெரிந்தெடுக்கலாம். நகரில் நிகழ்வதாயின் பிற்பகலிலே தொடங்கலாம். இவற்றுக்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. காண்போனை எண்ணும் உள்ளம் ஒன்றே வேண்டும்.

நாடகத்தைத் திறனாய்வோர் நடிப்பை நோக்குவர், பாட்டை நோக்குவர், ஒளியமைப்பையும் நோக்குவர். இனி, அவையிலே யார் இல்லை என்பதையும் நோக்குவாராக. கடலுக்கப்பால் இருப்பவன் வரமுடியாத அரங்கில் விளக்கு எத்துணை ஒழுங்காக எரியினும், தூணின் நிழல் அவன்மேல் விழுந்தே கிடக்கின்றது.