மீட்டர் கண்சிமிட்டுவதை எண்ணிய பிள்ளைகள்

ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினம் வந்தால் பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஒரு மரக்கன்று, ஓர் உறுதிமொழி, ஓவியப் போட்டி, பரிசாக எவர்சில்வர் டம்ளர். அதோடு அடுத்த ஜூன்தான். மதுராந்தகம் பக்கம் எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளியில் இந்த வருஷம் பிள்ளைகள் செய்திருப்பதைப் பார்த்தபிறகு, அந்தப் பழைய கொண்டாட்டத்தை நினைத்தாலே எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. இத்தனை வருஷம் இந்த மூளைகளை வண்ணப் பென்சிலோடு நிறுத்தி வைத்திருந்தோமே!

என் மகள் அங்கே ஆறாம் வகுப்பு. நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். அதனால் தொடக்கத்திலிருந்தே பக்கத்தில் நின்று பார்க்கும் பாக்கியம் கிடைத்தது.

அறிவியல் டீச்சர் செய்த நல்ல காரியம், எந்த யோசனையையும் அவராகச் சொல்லாததுதான். டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் பள்ளிகளுக்கென்று ஒரு தணிக்கை முறை வைத்திருக்கிறது. காற்று, ஆற்றல், உணவு, நிலம், நீர், கழிவு என்று ஆறு தலைப்பு. பிள்ளைகளே தங்கள் பள்ளியை அளந்து மதிப்பெண் போட வேண்டும். டீச்சர் அந்த ஆறு தலைப்புகளைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, "முதல்ல அளந்துட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்றார். அவ்வளவுதான். முதலில் அளவு, பிறகுதான் யோசனை. இந்த வரிசையில்தான் எல்லாமே இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பிள்ளைகள் குழு குழுவாகப் பிரிந்தார்கள். அதில் தண்ணீர்க் குழுவின் கதையைக் கேளுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 180 பிள்ளைகள் இரண்டு குழாயில் கை கழுவுகிறார்கள். ஒருவர் போய் அடுத்தவர் வருவதற்குள் யாரும் குழாயை மூடுவதில்லை. மூடித் திறக்க நேரமாகும், பின்னால் நிற்பவன் தள்ளுவான். பிள்ளைகள் 12 லிட்டர் வாளியைக் குழாயடியில் வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தார்கள். நிமிடத்துக்குச் சுமார் 10 லிட்டர். இரண்டு குழாய், 25 நிமிடம், ஆக 500 லிட்டர்! ஆளுக்கு ஏறக்குறைய 3 லிட்டர். ஆனால் ஒரு சொம்பில் மொண்டு கழுவிப் பார்த்தால் அரை லிட்டரே தாராளம்.

நானாக இருந்தால் "தண்ணீரை வீணாக்காதீர்" என்று ஒரு பலகை மாட்டச் சொல்லியிருப்பேன். அவர்கள் 20 அடி பி.வி.சி. குழாய் ஒன்றைப் படுக்கவைத்து, அதில் 20 இடத்தில் சின்னத் துளை போட்டார்கள். ஒரே ஒரு வால்வு. இருபது பேர் வரிசையாக நின்று சோப்புப் போட்டுத் தேய்த்தபிறகு, எட்டாம் வகுப்புத் தலைவி வால்வைத் திறப்பாள். நாற்பது எண்ணி மூடிவிடுவாள். ஒன்பது வரிசையில் பள்ளி முழுக்க முடிந்தது. செலவு 120 லிட்டர் போல. முன்பு இருந்ததில் கால் பங்கு!

சும்மா வந்துவிடவில்லை இது. முதலில் மாட்டியபோது ஒரு முனையில் தண்ணீர் பீய்ச்சியது, மறுமுனையில் சொட்டியது. எல்லோரும் துளையின் அளவைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டிருக்க, ஒரு பையன் எதுவும் பேசாமல் வீட்டுக்கு ஓடினான். அவன் அப்பா கொத்தனார். மட்டம் பார்க்கிற தண்ணீர் டியூபைக் கொண்டு வந்து இரண்டு முனையிலும் பிடித்தான். குழாய் ஒரு பக்கம் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது! மட்டப்படுத்திக் கட்டியதும் இருபது துளையிலும் ஒரே சீராகத் தண்ணீர். வகுப்பில் வாயே திறக்காத பையனாம் அவன். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

அடுத்து ஒரு பெண் கேட்டாள்: "ஒண்ணாங்கிளாஸ் குட்டிங்களுக்கு எட்டலையே, அத்தை?" உண்மைதான். பெரியவர்கள் நாங்கள் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. உடனே முழங்கால் உயரத்தில் இன்னொரு குழாய். கழுவிய தண்ணீர் தேங்காய் நாரும் ஜல்லியும் போட்ட ஒரு சிறு குழி வழியாகக் கல்வாழைப் பாத்திக்குப் போகிறது. கல்வாழை சகதியிலும் சோப்புத் தண்ணீரிலும் சந்தோஷமாக வளரும் செடி. சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்து, அந்த மூலை இப்போது பள்ளியிலேயே அழகான இடம்.

மின்சாரக் குழு செய்தது இன்னும் ஒரு படி மேல். மின் மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரியும், பார்த்திருக்கிறீர்களா? மீட்டரின் முகப்பிலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று எழுதியிருக்கும். எங்கள் மீட்டரில் 3200. பிள்ளைகள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு ஃபேனைப் போட்டு எண்ணினார்கள். நிமிடத்துக்கு நான்கு சிமிட்டல். கணக்குப் போட்டால் சரியாக 75 வாட். ஃபேனின் மேல் ஒட்டியிருந்த அளவும் அதுவே! அந்த நிமிடம் அங்கே எழுந்த கூச்சலுக்குத் தலைமை ஆசிரியரே வெளியே வந்துவிட்டார். மின்சாரம் என்பது கண்ணால் எண்ணக்கூடிய ஒன்று என்று ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால், அதைவிடப் பெரிய பாடம் என்ன இருக்கிறது?

பிறகு ஒரு வாரம் வகுப்பு வகுப்பாக வேவு பார்த்தார்கள். நாலு பேர் உட்கார்ந்திருக்கும் அறையிலும் எல்லா ஃபேனும் ஓடுகிறது. சோம்பேறித்தனம் என்று நாம் முடிவு கட்டியிருப்போம். காரணம் வேறு. ஸ்விட்ச் பலகையில் எது எந்த ஃபேனுக்கு என்று யாருக்கும் தெரியாது, அதனால் எல்லாவற்றையும் தட்டிவிடுகிறார்கள். இதற்குப் பிள்ளைகள் கண்ட வழியை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது. ஃபேனின் நடுக்கிண்ணத்தில் ஒரு வண்ணப் பொட்டு, அதற்கான ஸ்விட்ச்சில் அதே வண்ணப் பொட்டு. மிச்சமிருந்த பெயின்ட்டில் முடிந்துபோன வேலை. பழுதாகிற ஃபேனுக்குப் பதிலாக 30 வாட் அளவில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் வாங்க வேண்டும் என்று எங்களுக்குக் கோரிக்கையும் வைத்தார்கள், சிமிட்டல் கணக்கோடு. நாங்கள் மறுபேச்சில்லாமல் தீர்மானம் போட்டோம்.

குப்பையில் அதிகம் கிடைத்தது மிட்டாய்க் காகிதம். பிறந்தநாள் பிள்ளைகள் கொடுப்பது. இப்போது சம்படத்தில் கடலை மிட்டாய் வருகிறது. சுவையும் கூடுதல்.

முட்டை ஓட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சத்துணவில் வாரம் ஐந்து முட்டை. நூற்றைம்பது பிள்ளைகள் சாப்பிட்டால் 750 ஓடு, மூன்று நாலு கிலோ வரும். இத்தனை காலம் பின்பக்கச் சுவரோரம் குவிந்து நாய்களை வரவழைத்துக்கொண்டிருந்தது. ஓட்டில் ஏறக்குறைய முழுவதும் கால்சியம் கார்பனேட். ஒரு பையன் அதன்மேல் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து நுரை பொங்குவதைக் காட்டினான். முழு ஓடாகப் போட்டால் மண்ணில் கரைய வருஷக்கணக்காகும் என்பதால், கழுவிக் காயவைத்து உரலில் மாவாக இடிக்கிறார்கள். காய்கறிக் கழிவு மக்குகிற குழியில் அது சேர்கிறது. சமைக்கும் அக்காதான் இதில் எல்லோரையும்விட மும்முரம். அந்த உரத்தில் வளர்ந்த முருங்கைக் கீரை இப்போது அவர் சாம்பாருக்கே திரும்பி வருகிறது.

இப்போது அவர்கள் கை வைத்திருப்பது மழையில். தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது நினைவிருக்கும். பள்ளியின் கூரையிலும் குழாய் இருக்கிறது, பாதியில் உடைந்து தொங்குகிறது. பிள்ளைகள் டேப் பிடித்துக் கூரையை அளந்தார்கள்: 30 மீட்டருக்கு 7 மீட்டர், 210 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். வருஷ மழையை 1,000 மில்லிமீட்டர் என்று வைத்து, ஆவியாவதும் சிதறுவதும் ஐந்தில் ஒரு பங்கு என்று கழித்தாலும் 1,68,000 லிட்டர்! மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு சிறுமி இந்த எண்ணைப் பலகையில் எழுதியபோது, இருபது வருஷமாகப் போர்வெல் போட்டுக் கொடுக்கிற எங்கள் ஊர்ப் பெரியவர் எழுந்து, "இன்னொரு தடவை போடும்மா கணக்கை" என்றார். அவள் போட்டாள். அதே விடைதான்.

கூரையின் தூசியும் காக்கை எச்சமும் முதல் மழையோடு வருமே என்று அவர் கேட்டார். அதற்கும் விடை தயாராக இருந்தது. முதல் அரை மில்லிமீட்டர் மழை, அதாவது 105 லிட்டர், ஒரு டிரம்முக்குப் போகும். டிரம் நிறைந்ததும் உள்ளே மிதக்கிற ரப்பர் பந்து வாயை அடைக்கும். அதற்குப் பிறகு வரும் சுத்தமான தண்ணீர் கிணற்றுக்குத் திரும்பும். பெரியவர் டிரம்மைத் தானே தருவதாகச் சொல்லிவிட்டார். சொன்னபடி வந்தும் சேர்ந்துவிட்டது. எந்த அளவுப் பந்து சரியாக உட்காரும் என்று ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் இப்போது பெரிய வாக்குவாதம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் அது தீர வேண்டும். சனிக்கிழமை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிச் சோதிக்கப் போகிறார்களாம். தண்ணீர் தூக்க ஆள் வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள்.