அவையல் கிளவியும் புதினக் கூற்றும்

சொல்லால் பிறரை இழிவு செய்தலாகாது என்பது ஓர் அறம். புலவன் தான் கண்ட வாழ்வைக் குறையாமற் கூறவேண்டும் என்பது மற்றோர் அறம். இவ்விரண்டும் தம்முள் முரணுங்கால் எதனை முற்படக் கொள்வது என்னும் வினா இன்று உலகெங்கும் எழுந்துள்ளது. முன்னதனை 'அரசியல் சரித்தன்மை' என்றும், பின்னதனைக் 'கருத்துரிமை' என்றும் பெயரிட்டு வழங்குகின்றனர். பெயர்கள் புதியன, சிக்கல் தமிழுக்குப் புதிதன்று. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' என்னும் புதினத்தை ஒட்டிக் கொங்கு நாட்டில் எழுந்த பூசலை இலக்கண, பொருளிலக்கண நெறிகளின்வழி ஆராய்ந்து, ஒரு முடிபு காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தகுதியும் மரூஉவும்

அவையில் கூறத்தகாத சொல்லை மறைத்துக் கூறவேண்டும் என்பது தொல்காப்பிய எச்சவியலின் விதி. நன்னூலார் இதனை இடக்கரடக்கல் என்று பெயரிட்டு, மங்கலம், குழூஉக்குறி என்பவற்றோடு தகுதி வழக்கில் அடக்கினார். ஆகவே, கேட்போர் உளங்கொண்டு சொல்லைத் தேர்தல் மேலை நாட்டிலிருந்து வந்து புகுந்த வழக்கமன்று. ஊனமுற்றோரை 'மாற்றுத்திறனாளர்' எனவும், பாலினம் மாறிய மகளிரைத் 'திருநங்கையர்' எனவும் இன்று வழங்குவது இந்நெறியின் வளர்ச்சியே என்னலாம்.

ஆயின், ஆசிரியர் அவ்வளவில் நின்றாரல்லர். மறைக்குங்காலும், வழக்கில் மருவி நிலைபெற்ற சொற்களை விலக்கவேண்டுவதில்லை என்று அடுத்த நூற்பாவிலேயே புறனடை வகுத்தார். ஆட்டுப்பிழுக்கை போன்ற சொற்களை உரையாசிரியர் காட்டுவர். விதியும் விலக்கும் அடுத்தடுத்து நிற்றல் நுனித்து நோக்கத்தக்கது. தகுதி என்பது சொல்லின் மேல் என்றும் ஒட்டிக்கிடக்கும் பண்பன்று. அவையும் வழக்கும் நோக்கி அளந்தறியப்படுவது.

அண்மை நிகழ்ச்சி ஒன்று இதனை விளக்கும். 2025 அக்டோபரில், ஊர், தெரு முதலியவற்றின் பெயர்களிலுள்ள சாதிச் சொற்களை நீக்கத் தமிழ்நாட்டரசு ஆணை பிறப்பித்தது. அதே திங்களில் கோவை அவிநாசி சாலையில் திறக்கப்பெற்ற மேம்பாலத்திற்கு ஜி.டி. நாயுடு பெயர் சூட்டப்பெற்றபோது, பெயரின் இறுதிச் சொல் பற்றி வினா எழுந்தது. ஒரு சாரார் தகுதி நோக்கினர். ஒரு சாரார் மரூஉ நோக்கினர். இருசாராரும் எச்சவியலின் அடுத்தடுத்த இரு நூற்பாக்களில் நின்றே வழக்காடினர் எனலாம்.

2. பெயர் சுட்டல்

இனி, 'மாதொருபாகன்' பற்றி நோக்குவாம். 2010-இல் வெளிவந்த இப்புதினம், மகப்பேறில்லாத காளி, பொன்னா என்னும் உழவர் குடி இணையரின் துயரைக் கூறுவது. திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாள் இரவில், மகவில்லா மகளிர் முன்பின் அறியா ஆடவரோடு கூடி மகவு பெறுதலைச் சமூகம் ஒப்பியிருந்தது எனக் கதை அமைகிறது. 2013-இல் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு மூண்டது. ஊரும் கோயிலும் ஒரு குடியின் மகளிரும் இழிவு செய்யப்பட்டனர் என்பது எதிர்ப்பாளர் கூற்று. 2015 சனவரி 12 அன்று நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் நடந்த 'அமைதிப் பேச்சில்' ஆசிரியர் மன்னிப்புக் கோரவும், விற்காத படிகளைத் திரும்பப் பெறவும் இசைந்து கையெழுத்திட்டார். அதனையடுத்து, தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்னும் பொருள்பட அறிவித்து எழுத்தைத் துறந்தார். 2016 சூலை 5-ஆம் நாள், தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா ஆகியோர் அடங்கிய சென்னை உயர்நீதிமன்ற ஆயம், அவ்வுடன்பாடு ஆசிரியரைக் கட்டுப்படுத்தாது எனவும், அவர் மீண்டும் எழுதவேண்டும் எனவும் தீர்ப்பளித்தது.

எதிர்ப்பாளர் வாதத்தை அதன் வலிமை மிக்க நிலையில் வைத்து ஆராய்தலே நேர்மை. அகப்பாட்டில் தலைமக்களின் இயற்பெயர் சுட்டப்பெறுதல் இல்லை என்பது அகத்திணையியல் விதி. பெயர் சுட்டப்பெறின் பொதுமை நீங்கி, ஒருவர்க்குரிய வரலாறாகிப் பாட்டுப் புறமாகிவிடும். நெடுநல்வாடையில் வேம்பு என்னும் ஓர் அடையாளப் பூவைக் கண்டே நச்சினார்க்கினியர் அதனைப் புறம் எனக் கொண்டார். ஓர் இலைமாலைக்கே அத்துணை ஆற்றல் உண்டெனின், ஊரும், இறைவனும், குடியும் பெயரோடு நிற்கும் புதினத்தை ஊரார் புறமாக, அஃதாவது தம் வரலாறாகப் படித்தமை வியப்பன்று. களத்தில் செய்தி தொகுத்து எழுதப்பெற்ற நூல் என்பதும் 'சான்று எங்கே?' என்னும் வினாவிற்கு இடமளித்தது.

எனினும், இவ்வாதம் ஓரிடத்தில் இடறுகின்றது. அகத்துள் பெயர் சுட்டாமை புலவன் தானே மேற்கொண்ட மரபு. பிறர் அவன்மேல் சுமத்திய தண்டமன்று. புதினமோ இடமும் குடியும் இன்றி இயங்காத வகை. ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942-இல் வெளிவந்தது முதல், கொங்குப் புதினத்தின் உயிர் அதன் வட்டாரத் திட்பமே. பொன்னாவின் துயரோ தனியொருத்தியின் அகம். அவளை வருத்துவதோ பெயருடைய ஒரு சமூகத்தின் புறம். மலடி என அவளை ஒதுக்கும் உறவும் ஊரும் பெயரற்றுப் போமாயின், வருத்துவோர் இன்றி வருத்தம் மட்டும் எஞ்சும்.

3. பெயர் சுட்டாமையின் இருவகை

இவ்வாசிரியரின் பிற நூல்கள் இக்கருத்திற்கு நல்ல அளவுகோல் தருகின்றன. 2013-இல் வந்த 'பூக்குழி', சாதி கடந்து மணந்த குமரேசன், சரோஜா என்போர் கதை. அதில் சரோஜாவின் சாதி கூறப்படவில்லை. ஊரார் கேட்டுக் கேட்டுத் துளைக்கும் வினாவிற்குப் படிப்போர்க்கும் விடை கிட்டுவதில்லை. அவ்விடையின்மையே நூலின் பொருளாகிறது. எச்சாதி என்பதன்று, 'எச்சாதி?' என்னும் வினாவே கொல்கின்றது. இது கலைஞன் தேர்ந்த மௌனம்.

2016-இல் வந்த 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை' வேறுவகை. மாந்தரைப் பற்றி எழுத அஞ்சுவதால் ஆட்டைப் பற்றி எழுதுவதாக ஆசிரியர் அதன் முன்னுரையில் எள்ளலோடு குறிக்கின்றார். மாந்தர் 'அசுரர்' ஆயினர். கிழவனும் கிழவியும் பெயரின்றி நின்றனர். ஆட்டுக்குட்டிக்குக் காது குத்தி அடையாளமிடும் அரசும் வருகின்றது. நூல் சிறந்த நூலே. ஆயினும் அதன் பெயரின்மையில் ஒரு காயத்தின் வடு தெரிகின்றது. இரு நூலிலும் பெயர் இல்லை. ஒன்றில் அஃது உத்தி, மற்றொன்றில் அஃது அச்சத்தின் சான்று. வெளியிலிருந்து விதிக்கப்படும் தகுதி, நூலின் சொல்லை மட்டும் மாற்றுவதில்லை. மௌனத்தின் பொருளையும் மாற்றிவிடுகிறது.

4. கூற்று, கேட்போர், களன்

மற்றொரு வினா எஞ்சி நிற்கின்றது. மேற்கூறியது வலியோரின் பெருமை காக்க எழுந்த தடை. எளியோரின் மானம் காக்க எழும் தடையையும் மறுக்கலாமோ?

'கூளமாதாரி' 2000-இல் வெளிவந்தது. பண்ணையத்தில் அடிமைப்பட்டு ஆடு மேய்க்கும் அருந்ததியச் சிறுவரின் வாழ்வு அதன் பொருள். தலைப்பிலேயே குடிப்பெயர் உண்டு. பண்ணையக்காரர் வாயில் வரும் விளிகள் இன்று அவையில் கூறத்தகாதன. சோமனூர் வட்டாரத்து விசைத்தறிக் குடும்பங்களிலிருந்து வரும் மாணவர் பலர் 'பண்ணாடி' போன்ற சொற்களை ஏட்டில்தான் முதலில் காண்கின்றனர். ஆனால் இழிசொற்களை அவ்வாறு ஏட்டில் மட்டும் காண்பவர் அல்லர். அச்சொல் யார்மேல் எறியப்பட்டதோ அக்குடியின் மாணவரும் அதே வகுப்பில் அமர்ந்திருப்பர். இஃது உண்மைச் சிக்கல். கருத்துரிமை என்னும் ஒரு சொல்லால் இதனைத் தள்ளிவிடல் இயலாது.

செய்யுளியல் கூறும் உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன் என்னும் மூன்றும் இங்கு வழிகாட்டும். புதினத்தில் அவ்விழிசொல் பண்ணையக்காரர் கூற்று; கேட்போன் சிறுவன்; களன் காடு. அச்சொல் அவன் உடலில் விழும் அடிக்கு நிகரான செய்தி. அதனை நீக்கினால் சிறுவனுக்கு மானம் வருவதில்லை. பண்ணையக்காரர்க்கே கொடுமை மறைந்து நற்பெயர் வருகின்றது. எனவே நூலில் அச்சொல் நிற்றலே அறம். வகுப்பிலோ கூற்று ஆசிரியருடையது, கேட்போர் மாணவர், களன் அவை. ஆங்கு அதனை உரக்கப் படித்தல் இன்றியமையாததன்று. அவரவர் கண்ணால் படிக்கச் செய்து, அச்சொல்லின் வரலாற்றை விளக்குதலே தகுதி. தாழ்த்தப்பட்டோர் மீதான வன்கொடுமையைத் தடுக்கும் 1989-ஆம் ஆண்டுச் சட்டமும், பொதுமக்கள் காண்கின்ற இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கோடு ஒருவரை வைவதையே குற்றமாக்கியது. அஃதாவது, யார், யாரை நோக்கி, எவ்விடத்து, எந்நோக்கோடு கூறினர் என்பதே அதன் அளவை. சொல் தனித்து நின்று குற்றமாவதில்லை.

இவ்வளவை கொண்டு நோக்கின், 'மாதொருபாகன்' பூசலின் உண்மை இயல்பு புலப்படும். மனம் புண்படுதல் என்னும் மொழி, எளியோர் தம்மேல் எறியப்படும் சொல்லினின்று தம்மைக் காக்க உருவாக்கிய கருவி. அதனையே நிலமும் எண்ணிக்கையும் உடைய பெரும்பான்மையார் தம் பெருமையின் கவசமாக அணிந்தனர். புண்படுதல் இருபாலும் உண்மையே ஆகலாம். ஆயினும், ஒருபால் காக்கப்படுவது மாந்தரின் மானம். மறுபால் காக்கப்படுவது ஊரின் மதிப்பு. இரண்டற்கும் ஒரே விலை இடுதல் நேர்மையன்று.

5. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் மூன்று பெறப்படும். ஒன்று: அவையல் கிளவி மறைத்தல் பேசுவோன் தன் கூற்றில் மேற்கொள்ளும் கடமை, கதைமாந்தர் கூற்றில் பிறர் வற்புறுத்தும் உரிமையன்று. இரண்டு: பெயர் சுட்டலும் சுட்டாமையும் கலைஞன் தேர்வு, அச்சத்தால் வந்த சுட்டாமை நாகரிகம் ஆகாது. மூன்று: ஒரு சொல்லை நீக்குக எனக் கோருவார் உளராயின், அந்நீக்கத்தால் காக்கப்படுவோர் யார் என்பதே முதலில் கேட்கத்தக்க வினா.

உயர்நீதிமன்றம் இத்தகைய பூசல்களை ஆராய இலக்கியமும் கலையும் அறிந்தோர் குழு வேண்டும் என்றது. அக்குழுவின் பணி உண்மையில் திறனாய்வின் பணி. ஒரு நூலின் கூற்று யாருடையது என்று அறுதியிடும் இடம் ஆட்சியர் அலுவலகம் அன்று. நெடுநல்வாடை அகமோ புறமோ என்பதைத் தமிழர் ஏட்டிலும் உரையிலும் வழக்காடினரேயன்றிப் படிகளைத் திரும்பப் பெறுமாறு கோரினாரல்லர். அவ்வழக்காட்டைத் தம் காலத்துப் புதினத்திற்கும் விரித்தல் தமிழ்த்துறைகளின் கடன்.