நட்பும் வர்க்கமும்: பெரான்ரேயின் நாவலொன்றை முன்வைத்து

இளம்பருவ நட்பைப் பொருளாகக் கொண்ட நாவல்களைப் பாசம், பொறாமை, துரோகம் என்னும் மனநிலைகளின் கோவையாக வாசிப்பது எளிது. எலெனா பெரான்ரே என்ற புனைபெயரில் எழுதும் இத்தாலிய நாவலாசிரியரின் நான்கு பாக வரிசையில் முதலாவதாக 2011 இல் வெளிவந்த 'மேதைமை மிக்க தோழி'யையும் அவ்வாறு வாசிக்கலாம். ஆயின், அவ்வாசிப்பு போதாது என்பதே நமது கருத்தாகும்.

களம், 1950களின் நேப்பிள்ஸ் நகரத்து வறிய குடியிருப்பொன்று. கதைசொல்லியான எலெனா நகரசபைச் சிற்றூழியரின் மகள். லீலா சப்பாத்துத் தைப்பவரின் மகள். ஆரம்பப் பாடசாலையில் லீலாவே முதல்வி. எனினும் இடைநிலைப் பள்ளிக்குச் செல்பவள் எலெனா. லீலாவின் பெற்றோர் அதற்கு இணங்கவில்லை. இருவரும் பாடசாலைக்குச் செல்லாது கடலைக் காணப் புறப்படும் நிகழ்ச்சி இங்கு மனங்கொள்ளத்தக்கது. அழைத்துச் சென்றவளும் லீலா. இடைவழியில் திரும்பியவளும் அவளே. எலெனாவின் படிப்பு தடைப்பட வேண்டுமென்று அவள் விரும்பினாளா, அன்றித் தடைப்படலாகாதென்று அஞ்சினாளா? நாவல் இரண்டையும் திறந்தே விடுகிறது. வாய்ப்பு ஒருத்திக்கே கிட்டும் சமூகத்தில் அன்பும் வஞ்சனையும் ஒரே செயலில் உறைவதை இதனினும் நுட்பமாகக் காட்டுதல் அரிது.

நாவலின் இரகசியங்களும் இவ்வாறே பொருளியல் அடித்தளம் உடையன. தந்தை அறியாது லீலாவும் தமையன் ரினோவும் உருவாக்கிய சப்பாத்துக்களை விலைகொடுத்து வாங்குபவன் ஸ்ரெபானோ. கறுப்புச் சந்தையாலும் வட்டியாலும் செல்வம் திரட்டிய டொன் அக்கிலேயின் மகன். அச்செல்வத்தின் தோற்றுவாயைப் பொதுவுடைமைவாதியான பஸ்குவாலேயிடமிருந்து அறிந்திருந்தும் லீலா பதினாறு வயதில் அவனையே மணக்கிறாள். அவள் வெறுத்து ஒதுக்கிய மார்செல்லோ சொலாரா, திருமண விருந்துக்கு அதே சப்பாத்துக்களை அணிந்து வருகிறான். மறைவில் பிறந்த உழைப்பு சரக்காகிறது. அவளும் அப்பரிவர்த்தனையில் ஒரு கண்ணியாகிவிட்டாள்.

குறைபாடு ஒன்றையும் சுட்டுதல் வேண்டும். பஸ்குவாலேயின் அரசியல் இப்பாகத்தில் ஒரு குரலாகவே நின்றுவிடுகிறது. விடுதலைக்குரிய வழிகளாகக் கல்வியும் திருமணமுமே, அதாவது தனிமனித வழிகளே, தென்படுகின்றன. ஆயினும், அவ்வழிகளின் விலையை ஆசிரியர் மறைக்கவில்லை. விருந்து மண்டபத்தில் எலெனா, தன் ஆசிரியை இழிவாகக் குறிப்பிட்ட கீழ்மக்கள் தன் சொந்தச் சுற்றத்தாரே, தன் தாயுங்கூட, என உணர்கிறாள். அவள் பெற்ற கல்வியே அவளுக்கு அந்த அருவருப்பையும் கற்பித்தது.

லீலா தன் தடயங்கள் யாவற்றையும் அழித்து மறைந்த பின்னரே எலெனா எழுதத் தொடங்குகிறாள். கற்றவளின் எழுத்திலேயே கல்லாது விடப்பட்டவள் வாழ்கிறாள். கல்வியின் ஏணியில் ஏறிவந்த நாம், கீழே விட்டுவந்தோரின் கதையை எந்த உரிமையுடன் எழுதுகிறோம் என்ற வினாவே இந்நாவல் நமக்கு விட்டுச்செல்வது.