இத்தனை வருஷம் கழிச்சு எதுக்கு?

வெள்ளைக்காரன் எழுதின ஒற்றர் கதையைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுத என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நாவலைப் படித்தபோது வராத கோபம், படித்த மற்றவர்கள் பேசியதைக் கேட்டபோது வந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஜான் லெ காரே பிரிட்டிஷ் உளவுத்துறையில் வேலை பார்த்தவர். பெர்லின் சுவர் எழும்பி இரண்டு வருஷத்தில், 1963இல், அவருடைய 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் த கோல்ட்' வந்தது. கிழக்கு ஜெர்மன் உளவுத்துறையில் முண்ட் என்று ஒரு அதிகாரி, பழைய நாஜி. அவனை ஒழிக்கத்தான் போகிறோம் என்று நம்பி அலெக் லீமஸ் போகிறான். உண்மையில் முண்ட் பிரிட்டிஷ்காரர்களின் ஆள். அவன்மேல் சந்தேகப்பட்ட யூத அதிகாரி ஃபீட்லரைத் தீர்த்துக்கட்டுவதுதான் திட்டம். இந்தத் திட்டத்துக்குள் லிஸ் கோல்ட் என்ற பெண்ணையும் இழுத்துப் போடுகிறார்கள். நூலகத்தில் வேலை, கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர், லீமஸைக் காதலித்தவள். தன்னை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்றே அவளுக்குத் தெரியாது. கடைசியில் சுவரேறும்போது அவளைச் சுடுகிறார்கள். லீமஸ் தப்பிக்க வழியிருந்தும் அவள் கிடந்த பக்கமே இறங்கிச் சாகிறான். ஃபீட்லர் சாவுக்குப் போகிறான். நாஜி பிழைத்துக்கொள்கிறான். ரெண்டு அரசாங்கமும் சண்டை போட்டதாகச் சொன்னார்கள். யாரைச் செலவழிக்கலாம் என்பதில் மட்டும் ரெண்டு பேருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

54 வருஷம் கழித்து, 2017இல், அதன் தொடர்ச்சியாக 'எ லெகசி ஆஃப் ஸ்பைஸ்' வந்தது. லீமஸின் மகன் கிறிஸ்டோஃபும் லிஸ்ஸின் மகள் கேரனும் உளவுத்துறைமேல் வழக்குக்குக் கிளம்புகிறார்கள். எங்கப்பன் எப்படிச் செத்தான், எங்கம்மா எப்படிச் செத்தாள், கணக்குச் சொல்லு என்கிறார்கள். பிரிட்டனியில் ஓய்வாக இருந்த பீட்டர் கில்லம் என்ற பழைய ஒற்றரை லண்டனுக்குக் கூப்பிட்டுத் துறையின் வக்கீல்கள் கேள்விமேல் கேள்வி கேட்கிறார்கள். நாவல் அதுதான்.

இதைப் படித்தவர்கள் என்ன சொன்னார்கள்? ஸ்மைலி திரும்பி வந்ததில் நிறையப் பேருக்குச் சந்தோஷம். சிலர் வயசைக் கணக்குப் போட்டார்கள்: 1961இல் வந்த முதல் நாவலிலேயே நடுவயசுக்காரர், இப்போது நூறைத் தாண்டியிருக்க வேண்டாமா என்று. நியாயமான கேள்விதான். முதல் நாவலின் முடிவே போதும், அதன்மேல் எதையும் ஏற்றியிருக்கக் கூடாது என்றார்கள் இன்னும் சிலர். அதையும் ஒத்துக்கொள்ளலாம். ஆனால் இங்கே என் நண்பர் ஒருவர், நிறையப் படிக்கிறவர், சொன்னதுதான் எனக்குத் தைத்தது. "ரிட்டயர் ஆன மனுசனைப் போட்டு இப்படி வாட்டுறாங்களே, பாவம்ப்பா. நாட்டுக்காகச் செஞ்சான். அந்தப் பசங்க பணத்துக்கு அலையுதுங்க. இத்தனை வருஷம் கழிச்சு எதுக்கு?"

இந்தக் கடைசிக் கேள்வியை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன்.

என் சித்தப்பா 1996இல் பாதாளச் சாக்கடைக் குழிக்குள் இறங்கினவர், பிணமாகத்தான் மேலே வந்தார். காண்டிராக்டர் அடக்கத்துக்குக் கொஞ்சம் பணம் கொடுத்தான், அதோட சரி. 1993லிருந்து இப்படிச் செத்தவர்களின் குடும்பங்களைக் கண்டறிந்து, ஒவ்வொரு சாவுக்கும் 10 லட்சம் கொடுக்கணும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. சித்தியைக் கூட்டிக்கொண்டு அலுவலகம் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, இத்தனை வருஷம் கழிச்சா?" சித்தி பதில் சொல்லவில்லை. வெளியே வந்து, "நான் என்னடா திருடவா வந்தேன்?" என்று மட்டும் கேட்டது. போலீஸ் பதிவு கேட்டார்கள். போய்க் கேட்டால், அந்த வருஷத்துக் கோப்பு இல்லை என்றார்கள்.

நாவலிலும் கோப்பு இல்லை. துறையின் காப்பகத்தில் தேடுகிறார்கள், கிடைக்கவில்லை. எடுத்து ஒளித்து வைத்தவர்களே இவர்கள்தான். எங்கே இருக்கிறது என்று கில்லமுக்குத் தெரியும், தெரியாததுபோல் உட்கார்ந்திருக்கிறார். என் நண்பருக்கு அந்த இடம் விறுவிறுப்பாக இருந்ததாம். எனக்கு வயிறு எரிந்தது. ஒரே பக்கம்தான். எந்த வீட்டிலிருந்து படிக்கிறோம் என்பதில் இருக்கிறது விஷயம். சாவு விழாத வீட்டில் உட்கார்ந்து படிக்கிறவருக்குக் கணக்குக் கேட்கிறவன் தொந்தரவாகத்தான் தெரிவான்.

வாசகர்களை மட்டும் குறை சொல்லி முடிக்க முடியாது. லெ காரேயும் அவர்களை அந்தப் பக்கம்தான் உட்கார வைத்திருக்கிறார். கதை முழுக்கக் கில்லமின் வாயால் வருகிறது. கேரன் பெயராக இருக்கிறாள், ஆளாக வரவில்லை. கிறிஸ்டோஃபைச் சிறைக்குப் போய்வந்தவனாக, துப்பாக்கியோடு வருகிறவனாகக் காட்டுகிறார். நியாயம் கேட்டு வருகிறவனை முதலில் ரவுடியாக்கிவிடுவது நமக்குப் புதுசில்லை. ஆனாலும் துப்பாக்கியை நீட்டினவன் சுடமுடியாமல் உடைந்து அழுகிற இடம் இருக்கிறதே, நாவலில் எனக்கு உண்மையாகப் பட்டது அதுதான். அங்கே மட்டும் லெ காரே ஒற்றர்களை விட்டுவிட்டுச் செத்தவனின் பிள்ளையைப் பார்க்கிறார்.

கடைசியில் ஸ்மைலி, இதெல்லாம் ஐரோப்பாவுக்காகச் செய்தது என்கிற மாதிரிப் பேசுகிறார். பிரிட்டன் வெளியேறுவது என்று 2016இல் முடிவெடுத்திருந்த நேரம், அதனால் இந்தப் பேச்சைப் பாராட்டியவர்கள் அதிகம். நல்ல பேச்சுதான். ஆனால் ஐரோப்பாவுக்காகச் சாகச் சம்மதமா என்று லிஸ்ஸிடம் ஒருத்தரும் கேட்கவில்லை. ஊர் சுத்தமாக இருக்கணும் என்பதற்காக இறங்கச் சம்மதமா என்று என் சித்தப்பாவிடமும் கேட்கவில்லை.

லெ காரே 2020இல் இறந்துபோனார். 2024இல் அவர் மகன் நிக் ஹார்க்கவே, லீமஸ் செத்ததற்குப் பிந்தைய நாட்களை வைத்து 'கார்லாஸ் சாய்ஸ்' எழுதினார். அதிலும் ஸ்மைலிதான். ஒற்றர்களின் வாரிசுகள் எழுதிக்கொண்டே இருப்பார்கள், நாமும் படிப்போம். கேரன் சொல்கிற கதையை யாராவது எழுதினால் அதை என் சித்திக்குப் படித்துக் காட்டுவேன். அது இங்கிலீஷ்காரி கதையாச்சே என்று சித்தி கேட்காது.